சிறந்த கல்லூரி ஆசிரியர் விருது: யாருக்கு என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இளநிலைப் பட்ட வகுப்புகளில் சிறப்பாகப் பாடம் நடத்துபவர்களுக்கான விருதுப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கூடவே வரும். எல்லாருக்கும் பிடித்த அந்தப் பேராசிரியர் பெயர் ஏன் இல்லை? அதிகம் பேர் கேள்விப்பட்டிராத இவருக்கு எப்படிக் கிடைத்தது?

ஆராய்ச்சி விருது என்றால் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. ஆய்வுக் கட்டுரை அச்சில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். பாடம் நடத்துவது அப்படி இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நடக்கிறது. முடிந்ததும் பலகையை அழித்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். நடுவர் கைக்கு வந்து சேர்வது அந்த ஒரு மணி நேரம் விட்டுச்சென்ற தடயங்கள்தான்: படிவங்கள், கடிதங்கள், வினாத்தாள்கள், சில எண்கள். அவற்றில் எது நம்பக்கூடியது, எது ஆளை ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால் விருது முடிவுகளில் பாதிப் புதிர் விலகிவிடும்.

எந்த விருது என்று முதலில் பாருங்கள்

ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் புழங்குகின்றன.

1. மாணவர்களே வாக்களித்துத் தருவது. இது அன்பின் வெளிப்பாடு. அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் யாரும் கோப்பு எதையும் புரட்டிப் பார்ப்பதில்லை.

2. பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே குழு அமைத்துத் தருவது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1959 முதல் இப்படி ஒரு விருதைத் தருகிறது.

3. தேசிய அளவில் தருவது. கனடாவில் 1986 முதல் 3எம் தேசியக் கற்பித்தல் ஃபெல்லோஷிப் இருக்கிறது. ஆஸ்திரேலியா 1997-லும் பிரிட்டன் 2000-லும் தங்கள் திட்டங்களைத் தொடங்கின. அமெரிக்காவில் 1981 முதல் 2015 வரை 'ஆண்டின் சிறந்த பேராசிரியர்' விருது இருந்தது. அது இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கென்றே வைக்கப்பட்டது.

இந்தக் கட்டுரை இரண்டாவது, மூன்றாவது வகைகளைப் பற்றியது. குழப்பம் முளைப்பது அங்கேதான்.

அளவுகோலில் என்ன எழுதியிருக்கிறது

அமெரிக்க விருதின் அளவுகோல்கள் நான்கு. இளநிலை மாணவர்கள்மீது ஏற்படுத்திய தாக்கம், கற்பித்தலை ஓர் ஆய்வாளரின் அக்கறையோடு அணுகுவது, கல்லூரிக்கும் சமூகத்துக்கும் தொழிலுக்கும் செய்த பங்களிப்பு, சக ஆசிரியர்களும் மாணவர்களும் தரும் ஆதரவு. பிரிட்டனின் தேசியத் திட்டம் மூன்றே மூன்று கேட்கிறது: தனிப்பட்ட சிறப்பு, கற்பித்தலின் மதிப்பை மற்றவர் மத்தியில் உயர்த்தியது, தன்னையும் தன் முறையையும் தொடர்ந்து வளர்த்துக்கொள்வது.

இந்தப் பட்டியல்களில் 'நன்றாகப் பேசுகிறார்' என்பது எங்குமே இல்லை. வகுப்பறையில் ஒருவர் ஜொலிப்பது முதல் அளவுகோலில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும். தான் கண்டுபிடித்த ஒரு வழியைச் சக ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தாரா, தோற்றுப்போன ஒரு பாடத்தைத் திருத்தி எழுதினாரா, துறையின் பாடத்திட்டத்தில் அவர் கைபட்ட இடம் எது என்பதெல்லாம் மீதியை நிரப்புகின்றன. பலருக்குப் பிடித்தவர் பட்டியலில் இல்லாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

கோப்பு என்ற ஒன்று

பரிந்துரை ஏற்கப்பட்டதும் வேட்பாளரிடம் ஒரு கோப்பு கேட்பார்கள். பொதுவாக அதில் இவை இருக்கும்: பரிந்துரைக் கடிதம், தான் ஏன் இப்படிக் கற்பிக்கிறேன் என்று ஆசிரியரே எழுதும் சில பக்கங்கள், பாடத்திட்டம், வினாத்தாள், மாணவர் வேலைகளின் மாதிரி, மாணவர் கருத்துப் படிவங்களின் தொகுப்பு, முன்னாள் மாணவர்களின் கடிதங்கள், வகுப்பை வந்து பார்த்த சக ஆசிரியரின் அறிக்கை. பக்க வரம்பு கறாராக இருக்கும்.

இதில் பரிந்துரைக் கடிதம்தான் அடிக்கடி வீணாகிறது. இரண்டு கடிதங்களைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். முதலாவது சொல்கிறது: "இவர் அர்ப்பணிப்பு மிக்கவர். மாணவர்களுக்கு எப்போதும் உதவுபவர். பாடத்தை எளிமையாக விளக்கும் வல்லமை பெற்றவர்." இரண்டாவது சொல்கிறது: "புள்ளியியல் முதல் தேர்வில் சராசரிக்கும் இடைநிலைக்கும் வித்தியாசம் தெரியாமல் பாதி வகுப்பு தடுமாறியது. அடுத்த வாரமே இவர் விரிவுரையை நிறுத்திவிட்டு, நால்வர் கொண்ட குழுக்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரே தரவை வைத்து ஒரு நிறுவனத்தின் சம்பளம் அதிகம் என்றும் குறைவு என்றும் இரண்டு விதமாக வாதிட வேண்டும். இறுதித் தேர்வில் அதே வகைக் கேள்வியைப் பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள்."

முதல் கடிதத்தில் பெயரை மாற்றினால் அது யாருக்கும் பொருந்தும். நடுவர்கள் அப்படிப்பட்ட கடிதங்களை ஒரே உட்காரலில் நாற்பது, ஐம்பது என்று படிக்கிறார்கள், எதுவும் மனதில் தங்காது. இரண்டாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கவனித்த கண் இருக்கிறது, எடுத்த முடிவும் கிடைத்த பலனும் இருக்கின்றன. அனுபவமுள்ள நடுவர் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

மாணவர் கருத்துப் படிவம்: இங்கேதான் பெரிய சர்ச்சை

செமஸ்டர் முடிவில் மாணவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் படிவம் கோப்பில் தவறாமல் இருக்கும். எண்ணாக இருப்பதால் துல்லியமானது போலத் தெரியும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த எண்ணைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. விருதுக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1973-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணிதவியல் விளையாட்டுக் கோட்பாடு பற்றிப் பேச வைத்தார்கள். அவருக்கு அந்தத் துறை தெரியாது. பேச்சில் வேண்டுமென்றே முரண்பாடுகளையும் பொருளற்ற வாக்கியங்களையும் நிரப்பியிருந்தார்கள். பேசிய விதம் மட்டும் உற்சாகமாகவும் நகைச்சுவையோடும் இருந்தது. கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள். அவர்களே நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள்.

1993-இல் வேறொரு சோதனை. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காணொளியிலிருந்து பத்துப் பத்து விநாடியாக மூன்று துண்டுகளை வெட்டி, ஒலியே இல்லாமல், அவர்களை அறியாதவர்களிடம் காட்டினார்கள். அந்த அரை நிமிடத்தைப் பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பீடு, ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. ஒலி இல்லாத காணொளியில் பாடம் ஏது? அப்படியானால் செமஸ்டர் முடிவில் வரும் அந்த எண், ஆசிரியரின் உடல்மொழியையும் தோரணையையும் கணிசமாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

2018-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் மருத்துவ மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, பாதிக் குழுக்களுக்கு மட்டும் சாக்லேட் குக்கீ வைத்தார்கள். குக்கீ கிடைத்தவர்கள் ஆசிரியரை மட்டுமல்ல, பாடப் பொருட்களையும் உயர்வாக மதிப்பிட்டார்கள்.

இவற்றைவிடக் கனமானது 2010-இல் வந்தது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் போல எதேச்சையாக ஒதுக்குகிறார்கள். எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு கிடைத்தது. அறிமுகக் கால்குலஸில் எந்த ஆசிரியரின் மாணவர்கள் அந்தத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்களோ, அந்த ஆசிரியருக்குக் கருத்துப் படிவத்திலும் நல்ல மதிப்பீடு. ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் சறுக்கினார்கள். அனுபவம் கூடிய ஆசிரியர்களிடம் நடந்தது தலைகீழ்: அப்போதைய மதிப்பெண் கொஞ்சம் குறைவு, பின்னால் வந்த பாடங்களில் மாணவர்கள் உறுதியாக நின்றார்கள். தேர்வுக்குத் தயார்செய்வதும் அடித்தளம் போடுவதும் வேறு வேறு என்பது இந்தத் தரவிலிருந்து கிடைக்கும் விளக்கம்.

ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, இது ஏன் நடக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டுகிறது. தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் 'குறைவாகத்தான் கற்றோம்' என்று படிவத்தில் எழுதினார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றுவிட்டு, அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். கஷ்டப்பட்டுக் கற்கும்போது தலை வலிக்கும், அந்த வலி ஆசிரியர் கணக்கில் எழுதப்படுகிறது.

இதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தும் பார்த்தார்கள். 1981-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் ஓரளவு நல்ல தொடர்பு இருப்பதாகச் சொன்னது. நீண்ட காலம் அதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். 2017-இல் அந்தப் பழைய ஆய்வுகளையும் புதியவற்றையும் சேர்த்து மறுபடி அலசியபோது, அந்தத் தொடர்பு சிறிய மாதிரிகளால் ஊதிப்போனது என்றும், அநேகமாகத் தொடர்பே இல்லை என்றும் முடிவு வந்தது.

பாலினச் சாய்வு வேறு. 2015-இல் வெளியான சோதனையில், முகம் தெரியாத இணையவழி வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடம் எடுத்தார்கள். இருவரும் ஒரு பிரிவில் தங்கள் பெயரிலும் இன்னொரு பிரிவில் மற்றவர் பெயரிலும் இருந்தார்கள். பாடம் எடுத்தது யாராக இருந்தாலும், ஆண் என்று மாணவர்கள் நம்பியவருக்கே கூடுதல் மதிப்பீடு. வேலைகளைத் திருத்தித் திருப்பித் தந்த வேகம்கூட, உண்மையில் ஒன்றாக இருந்தும், பெண் பெயருக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டது.

சராசரி என்ற எண்ணுக்குள் இன்னொரு குழி இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் எல்லாரும் 4 போட்டால் சராசரி 4. முப்பது பேர் 5 போட்டு, பத்துப் பேர் 1 போட்டாலும் சராசரி 4. முதல் வகுப்பு நிதானமாகப் போகிறது. இரண்டாவதில் பத்துப் பேர் கைவிடப்பட்டிருக்கிறார்கள். கோப்பில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். நூற்றிருபது பேரில் இருபது பேர் மட்டும் படிவம் நிரப்பியிருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளவே கூடாது.

இந்த ஆதாரங்களை முன்வைத்துத்தான் கனடாவின் அப்போதைய ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-இல் ஒரு நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தது. பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் ஆசிரியரின் கற்பித்தல் திறனை அளக்க இந்தப் படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றது அது.

சரி, அப்படியானால் மாணவர் குரலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. மாணவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் உண்டு. விடைத்தாள் எப்போது திரும்பி வந்தது, அதில் குறிப்பு எழுதியிருந்ததா, கேள்வி கேட்கத் தைரியம் வந்ததா, அறைக்குப் போய்ப் பேச முடிந்ததா என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நல்ல குழுக்கள் எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு, எழுத்தில் வந்த கருத்துகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படிக்கின்றன. "கஷ்டமான பாடம், ஆனால் அவர் விடவில்லை" என்ற பொருளில் ஐந்து ஆண்டுகளாக வேறு வேறு மாணவர்கள் எழுதியிருந்தால், அந்தச் சான்றுக்கு 4.7 என்ற எண்ணைவிட எடை அதிகம்.

வகுப்பில் போய் உட்கார்வது

சக ஆசிரியர் ஒருவர் வந்து பார்ப்பது இதற்கு மாற்றாகத் தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. பார்ப்பவருக்குப் பாடம் ஏற்கெனவே தெரியும், அதனால் தெளிவாக இருந்ததா என்று அவரால் சரியாகச் சொல்ல முடியாது. யாராவது வந்து உட்கார்ந்தாலே வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

இதைச் சமாளிக்க ஒழுங்கான முறைகள் இருக்கின்றன. 2013-இல் அறிவியல் வகுப்புகளுக்காக உருவான 'கோபஸ்' அவற்றில் ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை 25 குறியீடுகளில் பதிவுசெய்ய வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், குழுவாகப் பேசுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள் என்ற மாதிரி. நல்லது கெட்டது என்று பார்ப்பவர் எதுவும் எழுதுவதில்லை. பிறகு தாளைப் பார்த்தால், 'கலந்துரையாடல் நிறைந்த வகுப்பு' என்று கோப்பில் சொன்னவர் ஐம்பது நிமிடத்தில் நாற்பத்தைந்து நிமிடம் தானே பேசியிருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கற்றார்களா என்பதற்குச் சான்று

கோப்பில் மிக அரிதாகவும் மிக வலுவாகவும் இருக்கும் பகுதி இது. இறுதித் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. வரும்போதே தெரிந்துகொண்டு வந்தவர்களா, இங்கே கற்றவர்களா என்று அது சொல்லாது. அதனால் முன்தேர்வும் பின்தேர்வும் வேண்டும்.

இயற்பியலில் இதற்கு 1992-இல் வெளியான விசைக் கருத்துகளுக்கான வினாத்தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சூத்திரம் தேவைப்படாத, அன்றாட மொழியில் கேட்கும் கேள்விகள். கணக்கு எளிது. முன்தேர்வில் வகுப்பின் சராசரி 40 விழுக்காடு, பின்தேர்வில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற இடமிருந்தது 60, ஏறியது 30. ஆக, ஈட்டம் 0.5. நன்றாகத் தயாராகி வந்த வகுப்பையும் பலவீனமான வகுப்பையும் ஒரே தராசில் வைக்க இது உதவுகிறது. 1998-இல் 62 பாடப்பிரிவுகளில் 6,542 மாணவர்களின் தரவை ஒருவர் தொகுத்தார். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி ஈட்டம் 0.23, மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48.

அந்த 1992 வினாத்தாளுக்கு முன்னோடியாக இருந்த வினாக்களை 1990 வாக்கில் ஹார்வர்டில் தன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். அப்போது அவருக்குக் கருத்துப் படிவங்களில் பிரமாதமான மதிப்பீடுகள் வந்துகொண்டிருந்தன. கடினமான கணக்குகளை மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள், நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று நம்பியிருந்தார். இந்த எளிய கேள்விகளைப் பார்த்த ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதட்டுமா, நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டார். முடிவுகள் அவரை உலுக்கின. விரிவுரையைக் குறைத்து, மாணவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் முறைக்கு மாறினார். 2014-இல் உயர்கல்வி முன்னேற்றத்துக்கான முதல் மினர்வா பரிசு அவருக்குக் கிடைத்தது. தொகை ஐந்து லட்சம் டாலர்.

கவனியுங்கள், படிவத்தில் உச்சத்தில் இருந்த காலத்துக்கு அந்தப் பரிசு வரவில்லை. தன் வகுப்பில் என்ன நடக்கவில்லை என்று கண்டுபிடித்து, அதற்குப் பிறகு அவர் செய்ததற்கு வந்தது.

நடுவர் மேஜையில்

நன்றாக நடத்தப்படும் தேர்வில் ஒவ்வொரு நடுவரும் தனியாகப் படித்து மதிப்பெண் போட்டுவிட்டு, அதன் பிறகே ஒன்றாக உட்காருவார்கள். வேட்பாளரோடு ஒரே துறையில் இருப்பவர், சேர்ந்து எழுதியவர் விலகிக்கொள்வார். கவிதை கற்பிப்பவரின் கோப்பை ஒரு வேதியியலாளர் படிக்கலாம், அதனால் துறைச்சொற்கள் மண்டிய கோப்பு அங்கேயே விழுந்துவிடும். கோப்புகள் கீழே போவதற்கு வேறு வழக்கமான காரணங்களும் உண்டு:

1. செய்தவற்றின் பட்டியல் நீளமாக இருக்கும், அவற்றால் மாணவரிடம் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இருக்காது.

2. புதிய செயலி, புதிய கருவி என்பதே சாதனையாகச் சொல்லப்பட்டிருக்கும்.

3. தோல்வியே இல்லாத கதை. எந்த முயற்சியும் சொதப்பவில்லை என்று சொல்பவரை நடுவர்கள் நம்புவதில்லை.

யார் வெளியே நிற்கிறார்கள்

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலர் பட்டியலுக்குள் வருவதே கடினம். நிரந்தரப் பணியில் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஒப்பந்த அடிப்படையில் பாடம் எடுப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இளநிலை முதலாண்டு வகுப்புகளின் பெரும் சுமையை அவர்கள் தூக்கும் இடங்களில் இது மிகப் பெரிய அநியாயம். முன்னூறு பேர் கொண்ட கட்டாயப் பாடத்தை எடுப்பவரையும் பன்னிரண்டு பேர் விரும்பி எடுத்த விருப்பப் பாடத்தை நடத்துபவரையும் ஒரே அட்டவணையில் வைத்தால், யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. கோப்பு எழுத உதவும் அலுவலகம் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அந்த வசதி இல்லாதவற்றைவிட அனுகூலம் அதிகம். சேர்ந்து கற்பிக்கும் குழுக்களுக்கு நீண்ட காலம் இடமே இல்லை. பிரிட்டன் 2016-இல்தான் குழுக்களுக்கென்று தனி தேசிய விருதைத் தொடங்கியது.

ஆகவே ஒரு விருது அறிவிப்பைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அளவுகோலை வெளியிட்டிருக்கிறார்களா? யாரெல்லாம் தகுதி என்பதில் ஒப்பந்த ஆசிரியர்கள் உண்டா? படிவ எண்ணுக்கு எவ்வளவு எடை? வகுப்பை யாராவது போய்ப் பார்த்தார்களா, ஒருமுறையா பலமுறையா? விருது பெற்றவர் என்ன செய்தார் என்று அறிவிப்பிலேயே இரண்டு வரியாவது இருக்கிறதா?

உங்கள் ஆசிரியர் ஒருவரைப் பரிந்துரைக்க நினைத்தால், வேலையை அறிவிப்பு வந்த பிறகு தொடங்காதீர்கள். அவர் குறிப்பு எழுதித் திருப்பித் தந்த முதல் விடைத்தாளையும், அதைத் திருத்தி நீங்கள் மறுபடி எழுதிய தாளையும் இப்போதே எடுத்து வையுங்கள். இரண்டிலும் தேதி இருக்கட்டும்.